பழைய ஜீப்பும் உப்புக் காற்றும்

மீன் வாங்கத் தெரியாத குடும்பம் கல்முனைக் கரையில் இல்லை. சந்தைக்கு அனுப்பப்படும் சிறுவன்கூடச் செவுளைத் தூக்கிப் பார்ப்பான். சிவப்பு மங்கியிருந்தால் மறு பேச்சின்றி அடுத்த கூடைக்கு நகர்ந்துவிடுவான். ஆயிரம் ரூபாய் மீனில் இத்துணை விழிப்புடையவர்களாகிய நாம், பல இலட்சம் ரூபாய் கொடுத்துப் பழைய வாகனம் ஒன்றை வாங்கப் போகும்போது மாத்திரம் அதன் முகத்தைப் பார்த்து, கதவைத் திறந்து மூடி, ஆசனத்தில் ஒருமுறை அமர்ந்து பார்த்துவிட்டு விலை பேசத் தொடங்கிவிடுகிறோம். வண்டிக்கும் செவுள் உண்டு. அது எங்கே இருக்கிறது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருதமுனை முதல் பொத்துவில் வரையுள்ள ஊர்களில் இன்று குடும்பந்தோறும் எழும் ஆசை ‘ஒரு சின்ன ஜீப்’ என்பதாகும். ஜீப் என்பது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கப் படையினருக்காகச் செய்யப்பட்ட வாகனத்துக்கு வழங்கிய பெயர். விற்பனை விளம்பரங்களில் இப்போது எஸ்.யு.வி. என்று எழுதுகின்றனர். நம்மூரிலோ, தரையை விட்டுச் சற்று உயர்ந்து நிற்பது எதுவாயினும் அது ஜீப்தான். ஊர் வழக்கையே நாமும் கைக்கொள்வோம்.

இந்த ஆசைக்குச் செலவாகும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். கட்டாரிலோ சவூதியிலோ ஒரு வாப்பா எட்டு, பத்து வருடம் வெயிலில் நின்று சேர்த்த பணம் அது. அல்லது இரண்டு மூன்று போகத்து நெல் விற்ற பணம். பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்கும் வழக்கமுள்ள கரை இது. வண்டிக்கென வீணாகும் ஒவ்வோர் இலட்சமும் ஒரு மகளின் வீட்டுச் சுவரிலிருந்து கழற்றப்பட்ட கல்லேயாகும்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வருவோர் முதலில் திகைப்பது விலையைக் கேட்டுத்தான். பத்து வருடம் ஓடிய வண்டிக்கு, அது புதிதாக வந்திறங்கியபோது கொடுத்த விலையிலும் கூடிய விலையா என்று வினவுகின்றனர். 2020 மார்ச்சில், தொற்றுநோயும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் ஒருங்கே நெருக்கியபோது, வாகன இறக்குமதியை அரசு நிறுத்தியது. தனியார் பாவனைக்குரிய வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே அத்தடை நீங்கிற்று. ஏறக்குறைய ஐந்து வருடம் புதிய வண்டி வராத நாட்டில், இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி விலை ஏறின. துரு ஏற ஏற விலையும் ஏறிய விந்தையை வேறெங்கும் காண்பது அரிது. தடை நீங்கிய பின்னரும் வரிச்சுமை கடுமையாகவே இருக்கிறது. அது எஞ்சினின் கொள்ளளவை ஒட்டி விதிக்கப்படுவதால், புதிதாக வருவனவற்றில் 1000 கன சென்றிமீட்டருக்கு உட்பட்ட சிறு வண்டிகளுக்கே கிராக்கி. ஆகவே பழையதை நாடுவதைக் கஞ்சத்தனம் என்று யாரும் இகழ வேண்டியதில்லை. பெரும்பாலான குடும்பங்களுக்கு வேறு வழியில்லை.

ஆனால், ஜீப்தான் வேண்டுமா? கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குச் சுமார் 40 கிலோமீட்டர், நல்ல தார்வீதி. அதற்குச் சாதாரணக் காரே போதும். ஜீப்பின் பயன் வீதியை விட்டு இறங்கும்போதுதான் தெரிகிறது. மாரியில் நீர் தேங்கும் ஒழுங்கைகள், கேற்றுக்கு முன்னால் உயர்த்திப் போட்ட கொங்கிரீட் படிகள், சம்மாந்துறை, இறக்காமம் வயல்வெளிகளின் கிரவல் பாதைகள் — இங்கெல்லாம் சாதாரணக் காரின் அடி தட்டும். காரின் அடிப்பாகம் தரையிலிருந்து 13 முதல் 15 சென்றிமீட்டர் உயரத்தில் இருக்கும். சிறிய ஜீப்பில் அது 18 முதல் 20 வரை. இந்த ஐந்து சென்றிமீட்டருக்காகவே பலர் இவ்வண்டியை நாடுகின்றனர். அது நியாயமான காரணமுங்கூட.

நாலு சில்லும் இழுக்கும் வசதி வேறு விடயம். வயலுக்குள் இறங்குவோருக்கும், பொத்துவிலுக்கு அப்பால் மணற்பாதைகளில் போய்வருவோருக்கும் அது வேண்டும். பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கி, வாரத்தில் ஒருநாள் அம்பாறைக்குப் போய் வரும் குடும்பத்துக்கு அது வீண் பாரம். எடை கூடும், பெற்றோல் கூடும், தேய்வதற்கு மேலும் இரண்டு உறுப்புகள் இருக்கும். இரண்டு சில்லு இழுக்கும் நல்ல வண்டி ஒன்று கிடைக்குமாயின், நாலு சில்லு இழுக்கும் நலிந்த வண்டியை விட்டு அதையே எடுப்பது அறிவுடைமை.

உயரமான வண்டி வெள்ளத்தைக் கடக்கும் என்ற நம்பிக்கையை இவ்விடத்திலேயே கைவிடவேண்டும். 2024 நவம்பர் 26 ஆம் திகதி காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே மாவடிப்பள்ளியில், மதரஸா மாணவர்களை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரத்தையே வெள்ளம் இழுத்துச் சென்றதை இக்கரையில் மறந்தார் எவருமிலர். ஓடும் நீர் ஓர் அடி ஆழமிருந்தால் சிறிய கார் மிதக்கத் தொடங்கும் என்றும், இரண்டடி ஆழம் ஜீப்பையும் அடித்துச்செல்லப் போதுமென்றும் அமெரிக்க வானிலைச் சேவை எச்சரிக்கிறது. ஜீப்பின் உயரம் பள்ளத்துக்காக, வெள்ளத்துக்காக அன்று.

உப்பு செய்யும் வேலை

இனிச் செவுளுக்கு வருவோம். நம் கரையில் பழைய வண்டியைக் கொல்வது பெரும்பாலும் எஞ்சின் அன்று, துருவே. எஞ்சின் கெட்டால் திருத்தலாம். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய எஞ்சின் ஒன்றை முழுதாகவே வாங்கி மாற்றியும் விடலாம். அடிச்சட்டம் உளுத்துப் போனால் அதைத் திருத்துவோரும் குறைவு. திருத்தியபின் அதில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் துணிவும் குறைவு.

மாணவர்கள் இதை இரசாயனப் பாடத்தில் படித்திருப்பர். இரும்பும் ஒட்சிசனும் நீரும் சேர்ந்தால் துரு. உப்பு அதில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. நீரில் கரைந்து மின்னோட்டத்தை எளிதாகக் கடத்துவதால் துருப்பிடித்தலை விரைவாக்குகிறது. அத்துடன் கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைட்டு, மழையில்லாத நாளிலும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே வண்டி வீட்டு முற்றத்தில் சும்மா நிற்கும் இரவிலும் துருவின் வேலை நடந்துகொண்டே இருக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று அலையின் நுரையை அள்ளிவந்து கடற்கரை வீதிகளில் தூவுகிறது. சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ கடலோரமாய்க் குடியிருப்பவர் சன்னற் கம்பிகளைத் தடவிப் பார்த்தாலே இதனை உணரலாம். அக்கம்பிக்கு நேர்வது வண்டியின் அடிக்கும் நேர்கிறது; ஒரு வேறுபாடு மாத்திரம் உண்டு. கம்பி கண்ணுக்குத் தெரியும், அடி தெரியாது.

மருதமுனைச் சாரம் வாங்குவோர் துணியைப் புரட்டி மறுபக்கம் பார்ப்பதுண்டு. வண்டியையும் அவ்வாறே பார்க்கவேண்டும். பழகிய கராஜ் ஒன்றுக்குக் கொண்டுசென்று குழியின் மேல் நிறுத்தியோ தூக்கியோ பார்ப்பதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால், அவ்வண்டியைப் பற்றி மேலும் யோசிக்கவேண்டியதில்லை. கையில் ஒரு நல்ல டோர்ச்சும், ஒரு ஸ்குரூடிரைவரும், சிறு காந்தமும் இருந்தாற் போதும். கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பாகத்தை ஸ்குரூடிரைவரின் பிடியினால் மெல்லத் தட்டிக்கொண்டே போகவேண்டும். திடமான இரும்பு கணீரென்று ஒலிக்கும். உளுத்த இரும்பு நனைந்த பலகைபோல மந்தமாய் ஒலிக்கும். ஜக்கு வைக்கும் இடங்கள், பின் சில்லுகளின் மேல்வளைவு, மேலதிக சில்லு கிடக்கும் குழி, பெற்றோல் தாங்கியைப் பிடித்திருக்கும் பட்டிகள், பிரேக் எண்ணெய் ஓடும் மெல்லிய குழாய்கள் — உப்பு முதலில் உண்பது இவற்றைத்தான். பிரேக் குழாயில் செதிள் செதிளாகத் துரு உரிந்தால் அதை உடனே மாற்றவேண்டியிருக்கும். மாற்றுவது பெரிய செலவன்று. மாற்றாமல் விட்டால், மலைப்பாதையில் ஒருநாள் காலின் கீழ் பிரேக் இருக்காது.

கதவின் கீழ்விளிம்பிலும் மட்கார்ட்டிலும் காந்தத்தை வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை; பசையும் பெயின்டும்தான் இருக்கின்றன. டிங்கர் வேலையில் கைதேர்ந்தோர் நம்மூர்களில் இருக்கின்றனர். அவர்களுடைய திறமையை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அத்திறமை எதை மறைக்கப் பயன்பட்டது என்பதை வாங்குபவர் அறிந்திருக்கவேண்டும். இன்னொன்று: பத்து வருட வண்டியின் அடிப்பாகம் முழுவதும் புத்தம்புதிதாகக் கறுப்புப் பூச்சு பளபளத்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். விற்பதற்கு முதல் வாரம் பூசிய கறுப்பு பெரும்பாலும் துருவின் மேலே இழுத்த போர்வையாகவே இருக்கும். தூசி படிந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக மேல்துரு தெரியும் பழைய அடியை நாம் அதிகம் நம்புவோம். அது எதையும் ஒளிக்கவில்லை.

‘ஜப்பானில் ஓடியது, அங்கே வீதியெல்லாம் சுத்தம்’ என்று தரகர்கள் கூறுவர். ஜப்பானிலும் உப்பு உண்டு. ஹொக்கைடோ போன்ற வட பகுதிகளில் மாரிகாலத்தில் உறைபனியை உருக்குவதற்காக வீதிகளில் உப்பு தூவுகின்றனர். அந்த உப்பைக் குடித்துவிட்டு வந்த வண்டி, நம்மூர் உப்பையும் குடிக்கும்போது இரட்டிப்பு வேகத்தில் அழியும். ஜப்பானிய ஏலத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் எழுதப்படும் பரிசோதனைத் தாள் விற்பவரிடம் இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் வண்டியின் படத்தின்மேல் எழுதப்பட்டுள்ள ‘எஸ்’ என்ற ஆங்கில எழுத்து துருவையும், ‘சி’ அரிப்பையும் குறிக்கும். தரப் புள்ளிக்குரிய இடத்தில் ‘ஆர்’ என்றிருந்தால் அவ்வண்டி விபத்தில் அடிபட்டுத் திருத்தப்பட்டது என்று பொருள்.

வருடாவருடம் புகைப் பரிசோதனையில் தேறித்தானே வருமான உத்தரவுப்பத்திரம் பெறுகிறது என்று கேட்கலாம். 2008 முதல் நடைமுறையிலுள்ள அப்பரிசோதனை, வண்டி விடும் புகையை அளப்பது. வண்டியின் எலும்பை அது பார்ப்பதில்லை.

வெள்ளம் குடித்த வண்டிகள்

துருவுக்கு அடுத்த ஆபத்து, நீரில் மூழ்கி எழுந்த வண்டி. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பகுதி நீரில் கிடந்தது. மறு வருடம் மே மாதத்தில் களுத்துறை, இரத்தினபுரிப் பகுதிகள் மூழ்கின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டின் பல மாவட்டங்களை வெள்ளக்காடாக்கிற்று. அவ்வாறு மூழ்கிய வண்டிகள் எல்லாம் உடைக்கப்படுவதில்லை. கழுவப்பட்டு, உலர்த்தப்பட்டு, அவற்றின் கதையை அறியாத தூரத்து ஊர்களுக்கு விற்பனைக்குச் செல்கின்றன. நாட்டின் கிழக்கு எல்லையில் இருக்கும் நாம் அத்தகைய தூரத்து ஊரேயன்றோ?

இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. ஆசனப் பட்டியை முழுதாக வெளியே இழுத்து, சாதாரணமாக வெளிவராத அதன் கடைசி முழத்தைப் பாருங்கள். கழுவியவர் அங்கே கழுவியிருக்கமாட்டார். சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். காலடிக் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கி மோந்து பாருங்கள். வண்டிக்குள் வாசனைத் திரவியம் அளவுக்கு மீறி மணந்தால் அது எதற்கென்று கேளுங்கள். ஆசனத்தைத் தளத்தோடு பிணைக்கும் ஆணிகள் மழை படாத இடத்தில் இருப்பவை. அவற்றில் துரு இருந்தால் நீர் உள்ளே வந்திருக்கிறது. சாவியை முதற்கட்டம் திருப்பும்போது எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து, எஞ்சின் இயங்கியதும் அணையவேண்டும். ஏதேனுமொன்று எரியாமலே இருந்தால், கோளாற்றை மறைப்பதற்காக யாரோ அந்த விளக்கைக் கழற்றியிருக்கக்கூடும்.

எந்த வண்டி?

வாசகர்கள் பெயர் சொல்லக் கேட்பர் என்பதை அறிவோம். நம் அபிப்பிராயத்தைச் சொல்கிறோம். அடி உளுத்திருந்தால் எப்பெயரும் பயனில்லை என்பதை மனத்திற் கொண்டு படிக்கவும்.

சுசுகி ஜிம்னி வயற்காரரின் வண்டி. 1998 முதல் 2018 வரை ஜப்பானில் செய்யப்பட்ட, 660 கன சென்றிமீட்டர் டர்போ எஞ்சின் பூட்டிய வகையே நம் நாட்டில் அதிகம். ஏணிபோன்ற சேஸியின்மேல் உடல் பூட்டப்பட்டது. மேட்டிலும் சேற்றிலும் தளராது. ஆனால் அதில் நால்வரே அமரலாம். ஜப்பானியச் சட்டப்படி அச்சிறு வகைக்கு அதுவே எல்லை. உம்மா, வாப்பா, மூன்று பிள்ளைகள், மூத்தம்மா என்று அறுவருள்ள வீட்டுக்கு இது எப்படிப் போதும்? முழங்கால் வலியுள்ள முதியவர் ஏறி இறங்கவும் சிரமப்படுவர். சேஸியின் பின்பாகத்தில் துரு உண்டா என்பதையும், மணிக்கு அறுபது கிலோமீட்டரில் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடுகிறதா என்பதையும் பார்க்கவேண்டும். ஆடினால் முன்சில்லுகளின் முளைப் பெயாரிங்குகள் தேய்ந்திருக்கக்கூடும்.

டைஹட்சு டெரியோஸ் குறைந்த பணக்காரருக்கு நாம் முதலிற் கூறும் பெயர். 1997 இல் வெளிவந்தது. 1300 எஞ்சின், ஐந்து ஆசனம், உடல் ஒடுங்கியது, ஆகவே நம் ஒழுங்கைகளுக்கு ஏற்றது. முற்பட்ட எஞ்சினில் டைமிங் பெல்ட்டு. 2000 ஆம் ஆண்டளவில் வந்த புதிய எஞ்சினில் சங்கிலி. பிந்தியதையே தேடுங்கள், பெல்ட்டு அறுந்தால் எஞ்சின் நின்றுபோகும், சங்கிலி நெடுங்காலம் உழைக்கும். இதில் பெரும்பாலானவற்றில் நாலு சில்லும் எந்நேரமும் இழுக்கும். அதனால் நாலு டயரும் ஒரே அளவாய், ஒரே தேய்வாய் இருத்தல் அவசியம். இரண்டு புதிதும் இரண்டு பழையதுமாகப் பூட்டி ஓடிய வண்டியில் நடுக் கியர்ப்பெட்டி தேய்ந்திருக்கும்.

சுசுகி விட்டாரா, எஸ்கூடோ என்னும் பெயர்களில் வருவன உறுதியானவை. உதிரிப்பாகமும் தாராளமாய்க் கிடைக்கும். பெற்றோல்தான் தடை. 2022 ஜூனில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாயைத் தொட்டதையும், பின்னர் கியூ.ஆர். முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து தரப்பட்டதையும் அனுபவித்தவர்கள், இரண்டாயிரம் எஞ்சின் வண்டியை வாங்குமுன் இருமுறை யோசிப்பர்.

ஹொண்டா வெசல் தான் இன்று இளைஞர்களின் கனவு. 2013 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. பார்வைக்கு அழகு, உள்ளே விசாலம். இதில் இரண்டு வகை உண்டென்பதைப் பலர் கவனிப்பதில்லை. கலப்பின வகையில் மின்மோட்டாருடன் இரட்டைக் கிளச்சுக் கியர்ப்பெட்டி. பெற்றோல் மட்டும் குடிக்கும் வகையில் சி.வி.டி. கியர்ப்பெட்டி. கலப்பின வகையின் முதற்கால வண்டிகளைக் கியர்ப்பெட்டிக் கட்டுப்பாட்டுக் கோளாறுக்காக நிறுவனமே 2014 இல் திரும்ப அழைத்துத் திருத்தியது. கல்முனையிலிருந்து கண்டிக்குச் செல்வோர் அம்பாறை, மகாஓயா, மஹியங்கனை வழியாகப் பதினெட்டு வளைவில் ஏறவேண்டும். பாரம் ஏற்றிய லொறியின் பின்னால் ஊர்ந்தும் நின்றும் அவ்வளைவுகளில் ஏறும்போது, எண்ணெயில் நனையாத அந்த இரட்டைக் கிளச்சு சூடேறித் தவிக்கும். எனவே கலப்பின வெசலை வாங்குவோர் கணினிப் பரிசோதனை செய்து, கிளச்சின் நிலையையும், பின் தளத்தின் கீழிருக்கும் பற்றரியின் நிலையையும் எழுத்தில் பெறவேண்டும். மலைப்பயணம் அடிக்கடி உள்ள குடும்பத்துக்குப் பெற்றோல் வகையே போதும் என்போம்.

சுசுகி ஹஸ்லர், ஜீப் வேடமிட்ட சிறு கார். ஊருக்குள் ஓடப் பொருத்தம், பெற்றோல் மிச்சம், ஆனால் அதுவும் நாலு ஆசனமே. டொயோட்டா ரைஸ் நல்ல வண்டி. அதன் விலை இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

வண்டியை ஓட்டிப் பார்ப்பது பற்றிச் சுருக்கமாகவே கூறலாம். நாம் வருமுன் எஞ்சினை இயக்கவேண்டாமென்று விற்பவரிடம் சொல்லிவைக்கவேண்டும். நோய் தெரிவது குளிர்ந்த எஞ்சினில்தான். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். நிற்காத வெண்புகை, குளிர்நீர் உள்ளே கசிவதைக் காட்டும். ரேடியேட்டர் நீர் தேநீர் நிறமாக இருந்தால், அதற்கு முறையான குளிர்திரவம் ஊற்றாமல் கிணற்று நீரை ஊற்றியிருக்கின்றனர். மீட்டர் காட்டும் தூரத்தை நம்பவேண்டாம். அதைக் குறைப்பது நிமிட வேலை. ஸ்டியரிங்கின் வழவழப்பும், பிரேக் மிதியின் தேய்வும் உண்மை பேசும். டயரின் பக்கவாட்டிலுள்ள நாலு இலக்கத்தையும் வாசியுங்கள். 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் செய்யப்பட்டது.

‘காக்கா, இது டொக்டர் ஓடின வண்டி, ஒரே கைதான்’ என்பது தரகர்களின் வழக்கமான பாட்டு. விற்பனைக்கு வரும் வண்டிகளையெல்லாம் டொக்டர்மாரே ஓட்டியிருந்தால், ஆஸ்பத்திரியில் நோயாளரைப் பார்க்க அவர்களுக்கு நேரம் ஏது? எத்தனை கை மாறியது என்பதைப் பதிவுப் புத்தகமே சொல்லும்.

காகிதமும் பணமும்

பதிவுச் சான்றிதழிலுள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றாயிருக்கவேண்டும். சான்றிதழிலுள்ள எஞ்சின் இலக்கத்தையும் சேஸி இலக்கத்தையும் வண்டியில் பொறித்துள்ள இலக்கங்களோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடவேண்டும். சேஸி இலக்கத்தைச் சுற்றி ஒட்டு வேலையோ புதுப் பெயின்டோ தெரிந்தால் விலகுங்கள். பழைய இலக்கத் தகட்டின்கீழ் புதிய உடலைப் பொருத்தியும், உதிரிப்பாகமாகக் கொண்டுவந்ததை ஒன்றிணைத்தும் பதிவு செய்யப்பட்ட ஜீப்புகள் அண்மை வருடங்களில் கைப்பற்றப்பட்டுள்ளன. அப்படிப்பட்டதை அறியாமல் வாங்கியவருக்கு வண்டியும் போகும், பணமும் போகும்.

‘முழு உரிமையாளர்’ என்ற இடத்தில் நிதி நிறுவனமொன்றின் பெயர் இருந்தால், தவணை இன்னும் தீரவில்லை. நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதமின்றி முற்பணமும் கொடுக்கலாகாது. கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களோடு வண்டியைக் கைமாற்றும் வழக்கம் நம்மூர்களில் பரவியிருக்கிறது. இது இரு தரப்புக்கும் தீங்கு. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி கைமாற்றம் 14 நாட்களுள் அறிவிக்கப்படவேண்டும், வாங்குபவருக்கு எம்.டி.ஏ. 6, விற்பவருக்கு எம்.டி.ஏ. 8 என்று தனித்தனிப் படிவங்கள் உள்ளன. மாற்றப்படாத வண்டி விபத்துக்குள்ளானால் பொலிஸார் முதலில் தட்டுவது பழைய சொந்தக்காரரின் கதவை.

கையிலுள்ள பணம் போதாதபோது வட்டியைத் தவிர்க்க விரும்பும் குடும்பங்களுக்கும் இன்று வழி உண்டு. 2011 இல் இயங்கத் தொடங்கிய அமானா வங்கியும், வேறு சில நிறுவனங்களின் இஸ்லாமிய நிதிப் பிரிவுகளும் இதற்கென முறைகளை வைத்துள்ளன. இஜாரா முறையில் நிறுவனம் வண்டியை வாங்கி நமக்கு வாடகைக்குத் தருகிறது. காலம் முடிந்ததும் உரிமை நம் கைக்கு வரும். முராபஹா முறையில் வாங்கிய விலையையும் தன் இலாபத்தையும் வெளிப்படையாகச் சொல்லித் தவணைக்கு விற்கிறது. பெயர் எதுவாயினும், கடைசித் தவணை வரை நம் கையிலிருந்து போகும் மொத்தத் தொகை எவ்வளவு என்பதைக் காகிதத்தில் எழுதிக் கேளுங்கள். மாதத் தவணை சிறிதாய்த் தோன்றும். மொத்தமே உண்மை பேசும்.

40 இலட்சம் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். 36 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டியைப் பார்க்கவே போகாதீர்கள். மிகுதி நாலில் பெயர்மாற்றம், காப்புறுதி, டயர், பற்றரி, எண்ணெய்கள், பிரேக் வேலை எல்லாம் அடங்கவேண்டும். முழுப் பணத்தையும் விலையாகக் கொடுத்துவிட்டு, முதல் மாதத்திலேயே டயருக்குக் கடன் கேட்டு அலைந்தோரை நாம் கண்டிருக்கிறோம். வாங்கும் காலத்திலும் கவனம் வேண்டும். பெரும்போக அறுவடை முடிந்து கையிலே பணம் புரளும் மார்ச், ஏப்ரலில் தரகர்கள் இறங்கிப் பேசமாட்டார்கள். மாரி கொட்டும் டிசம்பரில் போய்ப் பாருங்கள். விலையும் இறங்கும், கூரை ஒழுகுவதும் தெரியும்.

பணம் கைமாறும் நாளில், திகதியோடு மணியையும் குறித்து இரு தரப்பாரும் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டு ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த மணிக்கு முன் நடந்ததற்கு அவர் பொறுப்பு, பின் நடப்பதற்கு நீங்கள். வண்டி வீட்டுக்கு வந்த வாரத்திலேயே எஞ்சின், கியர்ப்பெட்டி எண்ணெய்களை மாற்றிவிட்டு, அடிப்பாகத்தை நன்றாகக் கழுவி, நன்கு உலர்ந்த பின் துருத்தடுப்புப் பூச்சுப் பூசுங்கள். கழுவும்போது குழாய் நீரையே பாவியுங்கள். கடலோரக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர், அதனால் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவதாகும். மேலே பளபளப்புக்கு மெழுகு பூசுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.